சீட் பெல்ட் போடாவிட்டால் கார் கிளம்பாது! - ஒரு பழைய சண்டையும் சில புதிய சண்டைகளும்

எங்கள் வீட்டு காரில் ஒரு சின்ன கிளிப் இருக்கிறது. கட்டைவிரல் அளவுதான். சீட் பெல்ட்டின் நுனியில் ஒரு இரும்பு நாக்கு இருக்குமே, அதே மாதிரி ஒரு துண்டு, தலையில் கறுப்பு பிளாஸ்டிக். அதை பெல்ட் மாட்டும் பக்கிளில் செருகிவிட்டால் போதும். பெல்ட் போட்டாச்சு என்று கார் நம்பிவிடும். 'டிங் டிங்' சத்தம் நின்றுவிடும்.

வாங்கி வந்தது அப்பா. "நாலு தெரு தள்ளி மார்க்கெட்டுக்குப் போறதுக்கு எதுக்குடா பெல்ட்டு? இது பாட்டுக்குக் கத்திட்டே இருக்கு" என்பது அவர் கட்சி. எனக்கும் அது பெரிய தப்பாகத் தோன்றவில்லை. காரையே ஏமாத்திட்டோம் என்று சிரித்துக்கொண்டோம்.

போன மாதம் செமஸ்டர் லீவில் நெட்டில் எதையோ தேடப்போய், வேறு எதிலோ மாட்டிக்கொண்டேன். எங்கள் அப்பா செய்த இதே வேலையை 50 வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவே கூட்டமாகச் செய்திருக்கிறது. அந்தச் சண்டை அவர்கள் பாராளுமன்றம் வரை போய், கார்க்காரர்கள் ஜெயித்தும் விட்டார்கள். ஜெயித்தது நல்லதா என்பதுதான் கேள்வி. இன்றைக்கு புது கார்களைப் பற்றி உலகம் முழுக்க எழும் புலம்பல்களைப் புரிந்துகொள்ள இந்தக் கதை ரொம்ப உதவுகிறது. அதனால் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

*

1960-களின் நடுவில் அமெரிக்காவில் சாலை விபத்துகளில் வருஷத்துக்கு 50,000 பேர் வரை செத்துக்கொண்டிருந்தார்கள். 1965-ல் ரால்ஃப் நாடர் என்ற இளம் வக்கீல் கார் கம்பெனிகளைக் கிழித்து ஒரு புத்தகம் எழுத, அடுத்த வருஷமே, 1966-ல், வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. 1968 முதல் புது கார்களில் சீட் பெல்ட் கட்டாயம் இருக்க வேண்டும் என்றார்கள்.

கவனியுங்கள், பெல்ட் காரில் இருப்பதுதான் கட்டாயம். போட்டுக்கொள்வது அவரவர் இஷ்டம். யாரும் போடவில்லை!

சரி, ஞாபகப்படுத்திப் பார்க்கலாம் என்று 1972-ல் ஒரு விளக்கும் பஸ்ஸரும் வைத்தார்கள். மக்கள் என்ன செய்தார்கள்? பெல்ட்டை சீட்டுக்குப் பின்னால் நிரந்தரமாக மாட்டிவிட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்கள். பஸ்ஸர் வாயை மூடிக்கொண்டது. (அப்பா, நீங்கள் தனியாள் இல்லை :))

இந்த நேரத்தில் அரசாங்கம் ஏர்பேக்கைக் கட்டாயமாக்கப் பார்த்தது. கம்பெனிகளுக்கு அது பிடிக்கவில்லை. விலை ஏறும், தொழில்நுட்பமும் இன்னும் பழுக்கவில்லை என்றார்கள். 1971 ஏப்ரல் 27 அன்று ஃபோர்ட் கம்பெனியின் தலைவர் இரண்டாம் ஹென்றி ஃபோர்டும், லீ அயகோக்காவும் வெள்ளை மாளிகைக்குப் போய் ஜனாதிபதி நிக்சனைப் பார்த்துப் புலம்பினார்கள். நிக்சன் தன் அறையில் நடக்கும் பேச்சையெல்லாம் ரகசியமாகப் பதிவு செய்து வைத்த ஆசாமி இல்லையா, அதனால் இந்தப் பேச்சும் டேப்பில் மாட்டிக்கொண்டது. பின்னாளில் வெளியேயும் வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஏர்பேக் தள்ளிப்போனது. அதன் இடத்தில் வந்ததுதான் நம் கதாநாயகன்: இக்னிஷன் இன்டர்லாக்.

1973 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு தயாராகும் கார்களில், அதாவது 1974 மாடல்களில், முன்சீட்டில் இருப்பவர்கள் பெல்ட் போட்டால்தான் ஸ்டார்ட்டரே வேலை செய்யும். பின்னால் மாட்டிவிட்டு ஏமாற்றும் வித்தையும் பலிக்காது. ஏனென்றால் அது வரிசை பார்க்கும். முதலில் ஆள் உட்கார வேண்டும், அதற்குப் பிறகு பெல்ட் மாட்ட வேண்டும், அதற்கும் பிறகுதான் சாவி. வரிசை மாறினால் வண்டி கிளம்பாது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆள் உட்கார்ந்திருக்கிறாரா என்று அதற்கு எப்படித் தெரியும்? சீட்டுக்கு அடியில் எடை பார்க்கும் ஒரு சுவிட்ச், அவ்வளவுதான். அதற்கு மனுஷன், நாய், காய்கறிப் பை எல்லாம் ஒன்றுதான். பக்கத்து சீட்டில் மளிகை சாமான் பையை வைத்தால், 'அவருக்கு' பெல்ட் போட்டால்தான் கார் நகரும். மளிகைப் பைக்கு பெல்ட் போட்டுக்கொண்டு போன ஒரு தேசத்தைக் கற்பனை செய்து பாருங்கள். நாயைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் பாடு இன்னும் மோசம். சுவிட்சோ வயரோ கோளாறானால் பெல்ட் போட்டும் கார் கிளம்பாது. இதற்காக பல கார்களில் பானெட்டுக்குள் ஒரு அவசரப் பட்டன் வைத்தார்கள். இறங்கி, பானெட்டைத் திறந்து, பட்டனை அழுத்தி, திரும்ப ஏறி, ஒரு தடவை ஸ்டார்ட் செய்துகொள்ளலாம்.

எண்ணெய் நெருக்கடி, வாட்டர்கேட் என்று ஏற்கெனவே அரசாங்கத்தின் மேல் கடுப்பில் இருந்த மக்கள், இதோடு பொங்கிவிட்டார்கள். பாராளுமன்ற உறுப்பினர்களுக்குக் கடிதம் குவிந்தது. வயரை வெட்டித் தரச் சொல்லி மெக்கானிக்கிடம் போனார்கள். நியூ ஹாம்ஷயர் உறுப்பினர் லூயிஸ் வைமன் பிரதிநிதிகள் சபையில் திருத்தம் கொண்டுவர, பெரிய பெரும்பான்மையில் நிறைவேறியது. 1974 அக்டோபர் 27 அன்று ஜனாதிபதி ஜெரால்ட் ஃபோர்ட் கையெழுத்துப் போட்டார் (கார் ஃபோர்டுக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை). இனி அரசாங்கம் இன்டர்லாக்கைக் கட்டாயப்படுத்த முடியாது. பஸ்ஸரும் 8 விநாடிக்கு மேல் அடிக்கக் கட்டாயப்படுத்த முடியாது. எட்டு விநாடி! சட்டப் புத்தகத்திலேயே எழுதிவைத்தார்கள் என்றால் மக்கள் எவ்வளவு வெறுத்துப் போயிருப்பார்கள் என்று பாருங்கள். அந்த எட்டு விநாடி வரம்பு 2012-ல்தான் சட்டத்திலிருந்து போனது.

ஆக மொத்தம், கார்க்காரர்கள் ஜெயித்தார்கள்.

*

இந்த இடத்தில் கைதட்டிவிட்டு முடித்திருந்தால் இது ஒரு ஜாலியான பதிவாக இருந்திருக்கும். ஆனால் அடுத்த பாகத்தையும் படித்துத் தொலைத்துவிட்டேன்.

இன்டர்லாக் இருந்த கார்களில் பெல்ட் போடுகிறவர்கள் நிஜமாகவே கூடியிருந்தார்கள். அது போன பிறகு பழைய குருடி கதவைத் திறடி கதைதான். 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் 100 பேரில் 15 பேர்கூட பெல்ட் போடவில்லை. 1984-ல் நியூயார்க் மாநிலம்தான் முதலில் பெல்ட் போடாதவர்களுக்கு அபராதம் என்று சட்டம் போட்டது. மற்ற மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் வந்தன. இப்போது 100-க்கு 90 பேர் போடுகிறார்கள். 2017-ல் மட்டும் பெல்ட் ஏறக்குறைய 15,000 உயிர்களைக் காப்பாற்றியது என்பது அமெரிக்க சாலைப் பாதுகாப்புத் துறையின் கணக்கு.

அப்படியென்றால் 1974-க்கும் 1984-க்கும் நடுவில் பெல்ட் போடாமல் செத்தவர்கள்? எட்டு விநாடிக்கு மேல் பஸ்ஸர் அடிக்கக்கூடாது என்று வெற்றி கொண்டாடிய மக்களில் எத்தனை பேர் அதில் இருந்திருப்பார்கள்?

நம் ஊர்க் கணக்கையும் பார்த்துவிடுவோம். 2022-ல் இந்தியாவில் பெல்ட் போடாமல் விபத்தில் இறந்தவர்கள் 16,715 பேர். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கையில் இருக்கும் எண் இது. அதில் 8,384 பேர் ஓட்டியவர்கள். மீதி 8,331 பேர் சும்மா கூட உட்கார்ந்து போனவர்கள். அதே வருஷம் செப்டம்பரில்தான் டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி மகாராஷ்டிராவில் பால்கர் பக்கம் விபத்தில் இறந்தார். பின்சீட்டில் இருந்த அவர் பெல்ட் போட்டிருக்கவில்லை என்றது போலீஸ். அதற்குப் பிறகுதான் எங்கள் அப்பா வாங்கிய கிளிப் மாதிரியானவற்றின்மேல் அரசாங்கத்தின் கண் விழுந்தது. 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து ஆன்லைன் கடைகளுக்கு உத்தரவு போட்டு, 13,118 கிளிப் விளம்பரங்களை நீக்க வைத்தது.

பதிமூன்றாயிரம்! எங்கள் வீட்டு கிளிப் ஒரு பெரிய குடும்பத்தின் கடைக்குட்டி என்று அப்போதுதான் தெரிந்தது.

*

அடுத்த கட்டத்துக்கு வேகமாகப் போய்விடுவோம். 1980-களில் காருக்கு வாய் முளைத்தது. 1981-ல் டாட்சன் மாக்ஸிமா கார் பெண் குரலில் எச்சரிக்கை சொல்லும். உள்ளே சிப் எல்லாம் இல்லை, சின்னதாக ஒரு இசைத்தட்டு சுற்றும்! 1983-ல் கிரைஸ்லர் கார்கள் சிப் வைத்துப் பேச ஆரம்பித்தன. கதவு சரியாகச் சாத்தவில்லை, சாவியை மறந்துவிட்டாய் என்று ஒரே உபதேசம். கொஞ்ச வருஷத்தில் மக்களுக்கு அலுத்துப்போய் அந்த மோகம் அடங்கியது.

1986-ல் ப்யூக் ரிவியேரா காரில் தொடுதிரை வந்தது. ஆமாம், 1986-லேயே! பழைய டிவி மாதிரி பிக்சர் டியூப் திரை, பச்சை எழுத்து. ஏசி, ரேடியோ எல்லாம் அதற்குள். ரோட்டைப் பார்க்காமல் திரையைப் பார்க்க வேண்டியிருக்கிறதே என்று புகார் வந்தது. நாலைந்து வருஷத்தில் எடுத்துவிட்டு பழையபடி பட்டனையே வைத்தார்கள்.

இந்தப் பாடத்தை எல்லாரும் மறந்தார்கள். 2012-ல் டெஸ்லா மாடல் எஸ் 17 அங்குலத் திரையோடு வந்ததும், மற்ற கம்பெனிகளும் பட்டன்களைப் பிடுங்க ஆரம்பித்தன. பார்க்க நவீனமாக இருக்கும் என்பது ஒரு காரணம். பட்டன், வயர், அச்சு என்று தனித்தனியாகச் செய்வதைவிட எல்லாவற்றையும் ஒரே திரைக்குள் தள்ளுவது செலவு குறைவு என்பது சொல்லாத காரணம்.

2022-ல் ஸ்வீடனின் 'வி பில்அகாரே' என்ற கார் பத்திரிகை ஒரு எளிய சோதனை செய்தது. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிக்கொண்டே ஏசியைக் கூட்டுவது, ரேடியோ வைப்பது மாதிரி நாலு வேலைகள். பட்டன் வைத்த 2005 வோல்வோ வி70-ல் 10 விநாடியில் முடிந்தது. அதற்குள் கார் போன தூரம் 306 மீட்டர். திரை வைத்த புது கார்களில் கடைசியாக வந்தது எம்ஜி மார்வெல் ஆர். அதற்கு 44.9 விநாடி. கார் போன தூரம் 1,372 மீட்டர். ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர், கவனம் ரோட்டில் பாதி, திரையில் பாதி!

அதாவது ஒரு பக்கம் கார் 'பாதுகாப்பு, பாதுகாப்பு' என்று கத்துகிறது. மறுபக்கம் ஏசியைக் கூட்டுவதற்கே கண்ணை ரோட்டிலிருந்து எடுக்க வைக்கிறது. ஐரோப்பாவில் கார்களுக்கு நட்சத்திர மதிப்பெண் போடும் யூரோ என்கேப் அமைப்பு, இண்டிகேட்டர், ஹார்ன், வைப்பர், அபாய விளக்கு மாதிரி அடிப்படை விஷயங்களுக்கு கையில் படும் பட்டன் இல்லாவிட்டால் மதிப்பெண் குறையும் என்று 2026 முதல் விதியை மாற்றியிருக்கிறது. 1986-ன் பாடத்தைப் படித்து முடிக்க 40 வருஷம்.

*

இனி வருவது என் ஏரியா. பி.காம். படிக்கிறவனுக்கு காரின் இன்ஜினைவிட காரின் விலைப்பட்டியல்தான் சுவாரஸ்யம் :)

காரில் 'எக்ஸ்ட்ரா'வுக்குக் காசு வாங்குவது புதுசில்லை. அமெரிக்காவில் ரொம்ப காலம் ஹீட்டருக்கே தனியாகக் காசு. இங்கேயும் பவர் விண்டோ, அலாய் வீல் எல்லாம் மேல் வேரியண்டில்தான் வரும். அதில் யாருக்கும் கோபம் வந்ததில்லை. ஏனென்றால் காசு கொடுக்காவிட்டால் அந்தப் பொருள் நம் காரில் இருக்காது. நியாயம்தானே?

இப்போது மாறியிருப்பது என்னவென்றால், பொருள் காரில் இருக்கிறது. ஆனால் பூட்டியிருக்கிறது.

2016-ல் டெஸ்லா விற்ற மாடல் எஸ் 60 காரில் உள்ளே இருந்தது 75 கிலோவாட்-மணி பேட்டரி. சாஃப்ட்வேர் மூலம் 60 ஆகக் குறைத்து வைத்திருந்தார்கள். பிறகு காசு கட்டினால் மீதியைத் திறந்து விடுவார்கள். 2017 செப்டம்பரில் ஃப்ளோரிடாவை இர்மா புயல் தாக்க வந்தபோது, தப்பி ஓடும் மக்களுக்கு உதவியாக இருக்கட்டும் என்று டெஸ்லா அந்தப் பூட்டைத் தற்காலிகமாகத் திறந்துவிட்டது. நல்ல காரியம்தான். ஆனால் கார்க்காரர்கள் பலருக்கு அன்றைக்குத்தான் உறைத்திருக்கும். நம் வாசலில் நிற்கும் காரின் சாவி இன்னொன்று வேறு யாரிடமோ இருக்கிறது.

பிஎம்டபிள்யூ கதை இன்னும் தமாஷ். போனை காரோடு இணைக்கும் ஆப்பிள் கார்ப்ளே வசதிக்கு, முதல் வருஷத்துக்குப் பிறகு ஆண்டுக்கு 80 டாலர் சந்தா என்றார்கள். சின்ன கார்களிலேயே இலவசமாகக் கிடைக்கும் விஷயம் அது. ஊரே சிரிக்க, 2019 டிசம்பரில் கைவிட்டார்கள். அடங்கினார்களா? 2022-ல் சீட்டைச் சூடாக்கும் வசதிக்கு மாத வாடகை! தென் கொரியாவில் மாதம் சுமார் 18 டாலர். சூடாக்கும் கம்பி சீட்டுக்குள் ஏற்கெனவே இருக்கிறது. மாதாமாதம் கட்டினால் சுடும், கட்டாவிட்டால் சும்மா இருக்கும். உலகம் முழுக்க கேலி செய்ததில் 2023-ல் அதையும் நிறுத்தினார்கள்.

ஆனால் மற்றவர்கள் நிறுத்தவில்லை. 2022-ல் மெர்சிடீஸ் அமெரிக்காவில் தன் மின்சார கார்கள் சிலவற்றை இன்னும் வேகமாகக் கிளப்ப ஆண்டுக்கு 1,200 டாலர் என்று அறிவித்தது. 2025-ல் ஃபோக்ஸ்வாகன் பிரிட்டனில் ஐடி.3 காரின் முழு பவரையும் திறக்க மாதம் 16.50 பவுண்ட், அல்லது ஒரேயடியாக 649 பவுண்ட் என்றது. மோட்டார் அதே மோட்டார்தான்.

ஏன் இப்படி? கம்பெனியின் பக்கமிருந்து கொஞ்சம் யோசித்துப் பார்த்தேன். எல்லா காரிலும் ஒரே சீட்டைப் போட்டால் தொழிற்சாலையில் செலவு குறையும். கார் வாங்குபவர் ஐந்தாறு வருஷத்துக்கு ஒருமுறைதான் காசு கொடுக்கிறார், சந்தா என்றால் மாதாமாதம் வரும். இரண்டாவது கைக்கு, மூன்றாவது கைக்கு கார் போனாலும் வரும். பூட்டைத் திறக்க கம்பெனிக்கு ஆகும் செலவோ கிட்டத்தட்ட பூஜ்யம். காஸ்டிங் வகுப்பில் கண்ட கனவு மாதிரி ஒரு வியாபாரம்! 2021-ல் ஸ்டெலாண்டிஸ் நிறுவனம், 2030-க்குள் சாஃப்ட்வேர் மூலம் ஆண்டுக்கு 2,000 கோடி யூரோ வருமானம் வரவேண்டும் என்று இலக்கு வைத்ததும், ஜெனரல் மோட்டார்ஸ் 2,000 முதல் 2,500 கோடி டாலர் என்று பேசியதும் இதனால்தான்.

வாடிக்கையாளருக்கும் இதில் லாபம் உண்டு என்பார்கள். வேண்டிய மாதத்துக்கு மட்டும் காசு கொடுக்கலாமே என்று. கேட்க நியாயம் மாதிரிதான் இருக்கிறது. ஆனால் 1849-லேயே ஜூல் டுப்யூ என்ற பிரெஞ்சு எஞ்சினியர் இதைப் பிட்டுப் பிட்டு வைத்துவிட்டார். அந்தக் காலத்து ரயிலில் மூன்றாம் வகுப்புப் பெட்டிக்குக் கூரை இருக்காது. கூரை போட அதிகம் ஆகாது. அப்படியும் போடாததற்குக் காரணம் ஏழைகளின் மேல் வெறுப்பில்லை, இரண்டாம் வகுப்புக்குக் காசு கொடுக்க முடிந்தவர்கள் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடக் கூடாதே என்ற பயம்தான் என்று அவர் விளக்கினார். அதாவது சிலரை நனைய விட்டால்தான் மற்றவர்கள் காசு கொடுப்பார்கள்.

சூடாகாத சீட் அந்தக் கூரையில்லாத பெட்டிதான். ஒரே வித்தியாசம், அங்கே கூரை இல்லை. இங்கே கூரையைச் செய்து, அதன் எடையையும் நம் தலையில் ஏற்றி, நம் செலவில் ஊர் ஊராகச் சுமக்க வைத்து, மடக்கிப் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

*

இதுவரை சொன்னதெல்லாம் கண்ணுக்கும் காதுக்கும் தெரிகிற தொல்லை. தெரியாதது ஒன்று இருக்கிறது. அதுதான் எனக்கு பயமாக இருக்கிறது.

1996-ல் ஜெனரல் மோட்டார்ஸ் 'ஆன்ஸ்டார்' என்ற சேவையைக் கொண்டுவந்தது. முதலில் காடிலாக் கார்களில். விபத்து நடந்து ஏர்பேக் விரிந்தால் கார் தானே போன் செய்யும். ஆளில்லாத ரோட்டில் அடிபட்டுக் கிடப்பவரின் இடத்தைச் சொல்லும். எவ்வளவு அருமையான யோசனை! உயிர் காக்கும் விஷயம் என்பதால் யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

2024 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் ஒரு செய்தி போட்டது. ஆன்ஸ்டாரின் 'ஸ்மார்ட் டிரைவர்' என்ற திட்டம் வழியாக, யார் எப்போது திடீர் பிரேக் போட்டார்கள், எப்போது வேகமாகப் போனார்கள் என்ற விவரம் தகவல் தரகு நிறுவனங்களுக்குப் போய், அங்கிருந்து இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்குப் போயிருக்கிறது. ஏன் பிரீமியம் திடீரென்று ஏறியது என்று புரியாமல் விழித்தவர்கள், காரணம் தன் காரேதான் என்று தெரிந்து அதிர்ந்துபோனார்கள். அந்த மாதமே தரகு நிறுவனங்களுக்குத் தகவல் தருவதை ஜெனரல் மோட்டார்ஸ் நிறுத்தியது. அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2025 ஜனவரியில் நடவடிக்கை எடுத்தபோது வைத்த குற்றச்சாட்டில், சில நேரம் 3 விநாடிக்கு ஒருமுறை கார் இருக்கும் இடம் பதிவானது என்றும் இருந்தது. இப்படிப்பட்ட விவரங்களை 5 வருஷத்துக்கு அந்தத் தரகர்களுக்குத் தரக்கூடாது என்று தடை வந்தது.

இது ஒரு கம்பெனியின் கதை மட்டுமில்லை. 2023-ல் மொசில்லா அமைப்பு 25 கார் பிராண்டுகளின் அந்தரங்கக் கொள்கையை ஆராய்ந்து பார்த்தது. எத்தனை பாஸ் என்கிறீர்கள்? ஒன்றுகூட இல்லை.

பாருங்கள், 1974 இன்டர்லாக் முரட்டுத்தனமானது. ஆனால் ஒளிவுமறைவு கிடையாது. 'பெல்ட் போடு, இல்லாவிட்டால் கிளம்ப மாட்டேன்' என்று முகத்துக்கு நேராகச் சொன்னது. மக்கள் திட்டினார்கள், கடிதம் எழுதினார்கள், சட்டத்தை மாற்றினார்கள். சத்தமே போடாமல் நம்மைப் பற்றி கோள் சொல்லும் காரை எதிர்த்து யார் கடிதம் எழுதுவார்கள்? தெரிந்தால்தானே எழுதுவதற்கு?

*

இவ்வளவும் படித்த பிறகு எனக்குத் தோன்றியது இதுதான். 'புது கார்கள் தொல்லை' என்று நாம் ஒரே மூட்டையில் கட்டிப் போடுவதில் இரண்டு வேறு சரக்குகள் இருக்கின்றன.

ஒன்று, நம் நன்மைக்காக நம்மைத் தொல்லை செய்வது. பெல்ட் சத்தம் அந்த ரகம். இந்தியாவில் 2019 ஜூலை முதல் தயாராகும் கார்களில் 80 கிலோமீட்டர் தாண்டினால் விட்டுவிட்டும், 120 தாண்டினால் விடாமலும் அடிக்கும் சத்தமும் அதே ரகம்தான். ஐரோப்பாவில் 2024 ஜூலை முதல் புது கார்கள் எல்லாவற்றிலும் வேக வரம்பைத் தாண்டினால் எச்சரிக்கும் கருவி கட்டாயம். அணைத்து வைக்கலாம், ஆனால் அடுத்த முறை ஸ்டார்ட் செய்ததும் திரும்ப வந்து உட்கார்ந்துவிடும். போர்டைத் தப்பாகப் படித்துவிட்டு சும்மா கத்துகிறது என்று அங்கேயும் புலம்பல்தான். இந்த ரகத்தில் நமக்கு எரிச்சல் வருவது நிஜம். ஆனால் எரிச்சல் வருகிறது என்பதாலேயே நாம் சொல்வது சரியாகிவிடாது. இங்கே கேட்க வேண்டியது 'நன்றாகச் செய்' என்று. 'எடுத்துவிடு' என்று கேட்டால் என்ன ஆகும் என்பதை 1974 காட்டிவிட்டது.

இன்னொன்று, கம்பெனியின் நன்மைக்காக நம்மைத் தொல்லை செய்வது. பூட்டிய சீட், பூட்டிய பேட்டரி, கோள் சொல்லும் மோடம் எல்லாம் இந்த ரகம். இங்கே எரிச்சல்பட நமக்கு முழு உரிமை உண்டு. இன்னும் சொல்லப்போனால் எரிச்சல்தான் ஆயுதம். கார்ப்ளே சந்தாவையும் சீட் வாடகையையும் தோற்கடித்தது எந்தச் சட்டமும் இல்லை, மக்களின் கேலிதான்.

சிக்கல் எங்கே என்றால், இரண்டாவது ரகம் எப்போதும் முதல் ரகத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வருகிறது. உயிர் காக்க என்று உள்ளே வந்த மோடம்தான் இன்சூரன்ஸ்காரனிடம் பேசியது. இதில் இன்னொரு கெடுதலும் இருக்கிறது. கார் நம்மை ஏமாற்றுகிறது என்ற எண்ணம் ஒருமுறை வந்துவிட்டால், அது நிஜமாகவே நம் உயிருக்காகக் கத்தும்போதும் நம்ப மாட்டோம். கிளிப் வாங்கி வந்து செருகிவிடுவோம்.

எழுதி முடித்ததும் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். நிக்சன் டேப் வந்த இடத்தில் சிரித்தார். 16,715 வந்த இடத்தில் ஒன்றும் சொல்லவில்லை. அதில் பாதிப்பேர் கூட உட்கார்ந்து போனவர்கள் என்று மறுபடி சொன்னேன். அவர் பக்கத்து சீட்டில் எப்போதும் உட்காருவது அம்மாதான்.

மறுநாள் பார்த்தால் கிளிப் பக்கிளில் இல்லை. டேஷ்போர்டில் பழைய பார்க்கிங் சீட்டுகளோடு கிடந்தது. தூக்கி எறியவும் மனசு வரவில்லை போலிருக்கிறது. சாயங்காலம் மார்க்கெட்டுக்குக் கிளம்பும்போது பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டே கேட்டார்:

"எல்லாஞ் சரிடா, அந்த எண்பதுல டிங்கு டிங்குன்னு அடிக்குதே, அதுக்கு ஏதாச்சும் கிளிப்பு இருக்கா?"

உங்கள் வீட்டு காரில் எப்படி? கிளிப் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், அப்பாவுக்குத் துணைக்கு ஆள் வேண்டும் :)